கேஸ் தீர்வதில்லை

இலக்கியம் பேசும் இடத்தில் காரின் குளிர்சாதனத்தைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் நமக்கும் இருந்தது. ஆனால் இக்கட்டுரைக்குக் காரணம் ஒரு சொல். மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் கேட்டும், நாமே பலமுறை சொல்லியும், அதற்குள் ஒளிந்திருந்த பிழையை உணராமல் இருந்தோம். தமிழ் கற்பித்துப் பிழைப்பவர்களுக்கு இது வெட்கத்துக்குரியது. அதற்காக இழந்த பணமும் பட்ட பாடும் தனிக்கணக்கு.

நம்மிடம் பத்து வயதைக் கடந்த சிறிய கார் ஒன்று உண்டு. தாயாரின் சிகிச்சைக்காக ஆம்பூரிலிருந்து வேலூருக்கு மாதம் இருமுறை அதில்தான் செல்கிறோம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மரமில்லாத மலையும் நீரில்லாத ஆறும் கொண்ட ஊர் என்று வேலூரைப் பற்றி ஊரார் கேலியாகச் சொல்வதுண்டு. கத்திரி வெயிலில் தேசிய நெடுஞ்சாலை 48-இல் நண்பகலில் பயணம் செய்தவர்களுக்கு அது கேலியாகத் தோன்றாது. சுற்றிலும் உள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலையில் திருப்பித் தருகின்றன. எழுபது வயதைக் கடந்த, இதயத்துக்கு மருந்து உட்கொள்ளும் ஒருவரை அந்த வெயிலில் அழைத்துச் செல்லும்போது காரின் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

நம் கார் தொடர்ந்து மூன்று கோடைகளில் குளிர்வதை நிறுத்தியது. மூன்று முறையும் வெவ்வேறு பட்டறைகளுக்குச் சென்றோம். மூன்றிலும் ஒரே தீர்ப்பு: "கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சுட்டாச் சரியாயிடும்." அடித்தார்கள். சரியானது. பணம் கொடுத்தோம். மழைக்காலத்தில் குளிர் குறைந்தது தெரியவில்லை, தேவையும் இல்லை. பங்குனி பிறந்ததும் மறுபடியும் வெந்நீர் ஆவி போன்ற காற்று. மறுபடியும் பட்டறை, மறுபடியும் அதே வாக்கியம்.

அந்த வாக்கியத்தைத்தான் இங்கே ஆராய வேண்டும். தமிழ் வீடுகளில் கேஸ் என்றால் அடுக்களை உருளை. அது எரிந்து தீரும். தீர்ந்ததும் அடுத்த உருளைக்குப் பதிவு செய்வோம். கேஸ் தீர்வது இயற்கை, யாருடைய குற்றமும் அன்று. அடிப்பது என்பதோ மிதிவண்டிக் காலம் முதல் நமக்குப் பழக்கமான சொல். சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறோம். இறங்கினால் மறுபடி அடிக்கிறோம். அடுக்களையிலிருந்து ஒரு சொல்லும் சக்கரத்திலிருந்து ஒரு சொல்லும் வந்து சேர்ந்து, 'கேஸ் தீர்ந்தது, அடிக்க வேண்டும்' என்ற வாக்கியம் பிறந்திருக்கிறது. கேட்பவருக்கு எந்த ஐயமும் எழுவதில்லை. ஏன் தீர்ந்தது என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. அடுப்பில் எரிவாயு ஏன் தீர்ந்தது என்று யாராவது கேட்பார்களா?

கார் குளிர்சாதனத்தில் இருப்பது எரியும் வாயு அன்று. அது சுற்றும் பொருள். பெரும்பாலான நம் கார்களில் உள்ளது ஆர்-134ஏ எனப்படும் வேதிப்பொருள். சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் இயல்பு அதற்கு உண்டு. திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இந்த விதியால்தான்: பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் பானை தன் நீரை இழந்து குளிர்கிறது. கார் எதையும் இழப்பதில்லை. முகப்புப் பலகைக்குப் பின்னால், மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் பகுதியில், அந்தத் திரவம் ஆவியாகி நமக்கு வரும் காற்றைக் குளிர்விக்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. காரின் முன்முகத்தில் உள்ள கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு நுண்ணிய வால்வின் வழியே அழுத்தம் குறைந்து மறுபடியும் கூலிங் காயிலுக்கு வருகிறது. அடைபட்ட வட்டம் அது. உள்ளே இருப்பது நானூறு, ஐந்நூறு கிராம் அளவுதான். அது எரிவதில்லை, செலவாவதில்லை. குறைந்திருந்தால் ஓரிடத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

இதை நமக்குச் சொன்னவர் பாடநூல் எழுதியவர் அல்லர். நான்காம் கோடையில் ஒரு நண்பர் சொல்லிச் சென்ற பட்டறையில் இருந்த முதியவர். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். "கேஸ் தீர்ந்துபோச்சு பாய், அடிச்சுக் கொடுங்க" என்றோம், மூன்று ஆண்டுப் பயிற்சியோடு. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தீர்ந்துபோறதுக்கு இது என்ன அடுப்பா சார்?"

பிறகு நடந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஒரு குறையைக் கண்டறிவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை நாம் அண்மையில் பார்த்ததில்லை.

அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை, கேள்விகள் கேட்டார். ஓடும்போது குளிர்கிறதா, நின்றால் சூடாகிறதா? ஏறியவுடன் குளிர்ந்து அரை மணி கழித்து நின்றுபோகிறதா? காற்றே குறைவாக வருகிறதா, காற்று வந்தும் குளிர் இல்லையா? திடீரென்று நின்றதா, நாள்பட நாள்படக் குறைந்ததா? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. நெடுஞ்சாலையில் குளிர்ந்து ஊருக்குள் நெரிசலில் சூடானால், கண்டென்சருக்குக் காற்று போதவில்லை; மின்விசிறி பழுதாகியிருக்கலாம், அல்லது தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கலாம். முதலில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் அளவே குறைந்து, சிறிது நேரம் அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி வந்தால், கூலிங் காயிலில் பனிக்கட்டி படிகிறது. தொடக்கம் முதலே காற்று மெலிதாக வந்தால் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். காற்று வேகமாக வந்தும் குளிர் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைந்திருந்தால் கசிவை ஐயுற வேண்டும். திடீரென்று நின்றிருந்தால் முதலில் மின்சாரத்தை, ஃபியூஸை, ரிலேயைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் பானட்டைத் திறப்பதற்கு முன்பே.

நம்முடைய விடைகளில் இரண்டு குறைகள் கலந்திருந்தன: காற்றும் மெலிது, குளிரும் நாள்பட்டுக் குறைந்திருந்தது. அவர் சாமான் வைக்கும் சிறு பெட்டியைக் கழற்றி உள்ளிருந்து வடிகட்டியை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டிய தாள், கரியடுப்பில் கிடந்ததுபோல் இருந்தது. "மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. மூன்று பட்டறைகளிலும் யாரும் சொல்லவில்லை. நாமும் கையேட்டைப் படிக்கவில்லை. தொல்காப்பிய உரைகளைப் புரட்டும் கை, காரோடு வந்த ஐம்பது பக்கத்தைப் புரட்டவில்லை.

அடுத்து பானட். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். கம்ப்ரசரின் கிளட்ச் 'டிக்' என்று பிடித்தது, சில நொடிகளில் விட்டது, மறுபடி பிடித்தது. மின்விசிறி ஓடியது. பிறகுதான் கேஜ் வந்தது. நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. குறைந்த அழுத்தப் பக்கத்தை நீலமும் மிகுந்த அழுத்தப் பக்கத்தைச் சிவப்பும் காட்டும். நம் ஊர்க் கோடையில் நல்ல நிலையில் உள்ள கார் என்றால் நீலத்தில் 30 முதல் 40 பிஎஸ்ஐ, சிவப்பில் 200-க்கு மேல் இருக்கலாம். இரண்டு முள்ளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படிப்பது செய்யுளில் ஓரடியை மட்டும் படித்துப் பொருள் கொள்வதற்குச் சமம். இரண்டும் தாழ்ந்திருந்தால் பொருள் குறைந்திருக்கிறது. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்றவில்லை, அல்லது அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்திருந்தால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. நீலம் சுழியத்துக்கும் கீழே போனால் வழியில் அடைப்பு. நம் காரில் இரண்டும் தாழ்ந்திருந்தன. அதனால்தான் கிளட்ச் பிடித்துப் பிடித்து விட்டது. அழுத்தம் குறைந்தால் கம்ப்ரசரைக் காப்பதற்காக ஒரு சுவிட்ச் அதை நிறுத்திவிடும்.

எஞ்சினை அணைத்துச் சற்று நேரம் விட்டபின் கேஜ் ஏறத்தாழ 100-ஐக் காட்டியது. "அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றோம். அவர் சிரித்தார். உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருந்தாலும், நின்ற நிலையில் அந்த வெப்பத்துக்குரிய அழுத்தத்தைத்தான் அது காட்டும்; நூறு கிராம் இருந்தாலும் நானூறு கிராம் இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். எடை போட்டால்தான் உண்மை தெரியும். அதற்கு முன் கசிவைத் தேட வேண்டும். இந்தப் பொருளோடு ஓர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுகிறது. பொருள் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். அங்கே தூசி ஒட்டிக் கறையாக நிற்கும். விளக்கைப் பிடித்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தார். சோப்பு நுரையைத் தொட்டுத் தொட்டு வைத்தார். நாம் முக்காலியில் அமர்ந்து தேநீர் குடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியில் கண்டுபிடித்தார். நுரை மெல்ல மெல்லக் குமிழ்விட்ட இடம், கேஸ் அடிக்கும் வால்வு. மூன்று கோடைகளாக எந்த வாய் வழியே நிரப்பினார்களோ அந்த வாய் வழியேதான் கசிந்திருக்கிறது. உள்ளே இருந்த சிறு ஊசியின் ரப்பர் இறுகிப்போயிருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய மூடியைக் காணவில்லை. எப்போதோ யாரோ நிரப்பிவிட்டுத் திருப்பிப் போட மறந்திருக்கிறார்கள். அந்த மூடி வெறும் தூசிக்காக அன்று. கசிவைத் தடுக்கும் இரண்டாம் பூட்டு அதுதான். ஊசியும் மூடியும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லை.

பழைய எந்திரம் ஒன்றால் மிச்சமிருந்த பொருளை ஓர் உருளைக்குள் வாங்கி எடை போட்டார். 450 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 260 கிராம் இருந்தது. ஊசியை மாற்றி, நைட்ரஜனை ஏற்றி வேறெங்கும் கசிவில்லை என்று உறுதி செய்து, அதை வெளியேற்றிவிட்டு, வெற்றிடப் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டார். குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பதற்கு அது. ஈரம் தங்கினால் நுண்வால்வில் பனிக்கட்டியாகும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். பம்பை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் பானட்டின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்த அளவைத் தராசில் வைத்து நிரப்பினார். முன்பு மூன்று பட்டறைகளிலும் தராசும் இல்லை, வெற்றிடப் பம்பும் இல்லை. காற்றில் கையை வைத்துப் பார்த்து, "நல்லா ஜில்லுனு இருக்கு சார்" என்பதே அளவு.

இப்போது நம் கருத்துக்கு வருகிறோம். அந்த மூன்று பட்டறைகளும் நம்மை ஏமாற்றிவிட்டன என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாக முடியும். ஆனால் அது முழு உண்மை ஆகாது. புறப்படும்போது பாயிடம், "பார்த்ததுக்கு எவ்வளவு பாய்?" என்று கேட்டோம். அவர் அந்தக் கேள்வியையே புரிந்துகொள்ளாதவர்போல் விழித்தார். கேஸுக்கு இவ்வளவு, வடிகட்டிக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் தேடியதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. "பார்க்கிறதுக்கு யார் சார் காசு கொடுப்பாங்க? அரை நாள் தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னா, 'பத்து ரூபா ஊசிக்கா இவ்வளவு'ன்னு சண்டைக்கு வர்றாங்க. கேஸ் அடிச்சா கேள்வி கேக்காம கொடுக்கிறாங்க."

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. நாம் ஊற்றியதற்குப் பணம் கொடுக்கிறோம், பார்த்ததற்குக் கொடுப்பதில்லை. கையில் தொட்டுக் காட்டக்கூடிய பொருளுக்கு விலை உண்டு. கண்ணுக்கும் அறிவுக்கும் விலை இல்லை. அப்படியிருக்க, ஒரு மெக்கானிக் அரை நாளைச் செலவிட்டு ஓட்டையை ஏன் தேட வேண்டும்? கால் மணி நேரத்தில் நிரப்பினால் காசு, அடுத்த ஆண்டும் அதே வாடிக்கையாளர். நேர்மையாகத் தேடுபவர் நட்டப்படுகிறார்; தேடாதவர் வாழ்கிறார். கசிவை வளர்ப்பவர்கள் நாமும்தான்.

இதை வேறெந்த ஊரில் சொன்னாலும் பொருந்தும் என்றாலும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் இதைச் சொல்வதற்குத் தனிக்காரணம் உண்டு. பார்ப்பதும் வேலைதான் என்று அறிந்த ஊர்கள் இவை. ஊரார் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடும் தொழிற்சாலைகளில் தரம் பிரிப்பவர் என்று ஒருவர் இருப்பார். தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவி, உண்ணி கடித்த தழும்பு எங்கே, உரித்தவரின் கத்தி பட்ட கீறல் எங்கே, தோலின் தளர்ந்த பகுதி எது என்று பார்த்து ஒதுக்குவார். அவர் கையில் கருவி இல்லை. அவர் தோலில் எதையும் சேர்ப்பதுமில்லை, மாற்றுவதுமில்லை, பார்க்கிறார், சொல்கிறார். அதற்குக் கூலி உண்டு, மதிப்பும் உண்டு. சரக்கின் விலையே அந்தக் கண்ணை நம்பி நிற்கிறது. தோலைப் பார்ப்பவருக்குக் கூலி கொடுக்கத் தெரிந்த ஊர், காரைப் பார்ப்பவருக்குக் கொடுக்க ஏன் மறுக்கிறது?

குளிர்சாதனம் வசதியுள்ளவர்களின் கவலை, இதற்கு இவ்வளவு பேச்சா என்று நண்பர்கள் கேட்கலாம். காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் வேன்களில் நெருக்கியடித்துச் செல்லும் பெண்களுக்கு ஏசி எது என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் காட்பாடி சந்திப்பில் நிற்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் இரயிலில் வந்து இறங்கும் நோயாளிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள் அவர்கள். வைகாசியில் ஏசி இல்லாத வண்டியில் யாரும் ஏறுவதில்லை. கடன் வாங்கிக் கார் ஓட்டும் ஒருவர் ஆண்டுதோறும் கேஸுக்குக் கொடுக்கும் தொகை, ஒருமுறை முறையாகக் கசிவைத் தேடிக் கொடுக்கும் தொகையைவிடச் சில ஆண்டுகளில் அதிகமாகிவிடும். அதோடு முடிவதுமில்லை. பொருளோடு எண்ணெயும் கசிகிறது; நிரப்புபவர் எண்ணெயை நினைப்பதில்லை. எண்ணெய் வற்றிய கம்ப்ரசர் ஒருநாள் தேய்ந்து பூட்டிக்கொள்கிறது. அதன் துகள்கள் குழாயெங்கும் பரவுகின்றன. ஊசியில் முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது பத்தாயிரங்களில் வந்து நிற்கும்.

கசிந்தது எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். காற்றில்தான் போகிறது. ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைப் புவியில் தேக்கும் என்பது பன்னாட்டு ஒப்பந்தங்களில் கொள்ளப்பட்ட கணக்கு. நம் கார் மூன்று ஆண்டுகளில் அரைக் கிலோ இழந்தது என்று கொண்டாலும் அது 715 கிலோ. 300 லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இதற்கு முந்தைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தையே அரித்தது. அதனால்தான் 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் வெப்பத்தைக் கூட்டுகிறது; ஆகவே 2016-இல் கிகாலியில் அந்த உடன்படிக்கை திருத்தப்பட்டது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. 2032-இல் தொடங்கி 2047-க்குள் இவ்வகைப் பொருள்களின் பயன்பாட்டை 85 விழுக்காடு குறைக்க வேண்டும். வெயிலிலிருந்து தப்பிக்க நாம் நிரப்பும் பொருளே கசிந்து வெயிலைக் கூட்டுகிறது. இதைத் தடுப்பதற்கு உலக மாநாடுகள் மட்டும் போதா; வால்வின் மூடியைத் திருப்பிப் போடும் கையும் வேண்டும்.

வடிகட்டி கரியாகக் கிடந்ததற்கு நம் கவனக்குறைவே காரணம். ஆனால் பாய் கேட்ட மற்றொரு கேள்வி மனத்தில் நின்றுவிட்டது. "உள்காத்துப் பொத்தானை எப்பவும் போட்டே வெச்சிருக்கீங்களா?" ஆம். இந்தப் பகுதியில் காரோட்டும் எவரும் அப்படித்தான். ஆலைகளை நெருங்கியதும் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். சுண்ணாம்பும் சல்பைடும் ஊறிய தோலின் வாடை உள்ளே வராமல் வெளிக்காற்றை அடைத்துவிட்டுப் போகிறோம். நெடுநேரம் அப்படியே இருந்தால் மூச்சுவிடும் காற்று கெட்டுத் தூக்கம் வரும் என்பதையும் மறந்துவிடுகிறோம். வாடைக்கு நாம் கண்ட தீர்வு, கண்ணாடியை ஏற்றுவது.

பாலாற்றின் கதையும் வேறில்லை. கழிவுநீருக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊரின் பெயரால் அதைக் கற்பிக்கிறார்கள். 29 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. இழப்பீடு கொடுப்பதோடு கடமை முடிவதில்லை, கெட்ட சூழலை மீட்கும் வரை பொறுப்பு நீடிக்கும் என்பது அதன் சாரம். நமக்கு இது பாய் சொன்னதாகவே கேட்டது. நிரப்பியது போதாது, ஓட்டையை அடைத்தாயா?

ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் குறைவும் பழுது அன்று. ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியே ஆண்டுக்குச் சில கிராம் ஊறிப் போவது இயல்பே. ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் அதில் தவறில்லை. கூலிங் காயிலிலேயே ஓட்டை என்றால் பெரும்பாலான கார்களில் முகப்புப் பலகையைக் கழற்ற வேண்டும். அந்தச் செலவு பழைய காரின் மதிப்புக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது, ஓட்டை எங்கே என்று தெரிந்துகொண்டு, செலவையும் கேட்டை‌யும் எடைபோட்டு முடிவு செய்வது உரியவரின் உரிமை. நாம் எதிர்ப்பது தெரியாமல் நிரப்புவதை மட்டுமே.

ஆகவே நண்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். அடுத்த கோடையில் உங்கள் கார் குளிராவிட்டால், கேஸ் அடியுங்கள் என்று சொல்லாதீர்கள். என்ன குறை என்று பாருங்கள் என்று சொல்லுங்கள். கேஸ் குறைவு என்றால், எங்கே போயிற்று என்று கேளுங்கள். எத்தனை கிராம் எடுத்தீர்கள், எத்தனை கிராம் நிரப்பினீர்கள் என்று கேளுங்கள். வெற்றிடப் பம்பு ஓடியதா, மூடியைத் திருப்பிப் போட்டீர்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பதற்குத் தனியாக எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, மனமுவந்து கொடுங்கள்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பிணி எது, அது எதனால் வந்தது, எதனால் அடங்கும் என்ற வரிசையை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். நாமும் மதிப்பெண் போடுகிறோம். தேர்வுத்தாளில் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்துகிறோம். அந்த மாணவர் ஏன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தவறுகிறார் என்று உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதுவும் ஒருவகைக் கேஸ் அடித்தல்தான். பாயின் பட்டறையிலிருந்து திரும்பிய பிறகு அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று பாய் துண்டுச்சீட்டில் எழுதிய கணக்கை வாங்கி, கேஸுக்கு மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். "என்னன்னு எழுதறது சார்?" என்றார். "பார்த்த கூலி என்று எழுதுங்கள்" என்றோம். தொகையை நாமே சொல்ல வேண்டியிருந்தது. எழுதும்போது அவருக்குக் கூச்சமாக இருந்தது; கொடுக்கும்போது நமக்கும்தான். இந்தக் கோடையில் கார் குளிர்கிறது. தாயார் வேலூர் வரும்வரை கண்ணயர்ந்து வருகிறார்.